காய்ச்சல் வந்த செய்தி போடுறீங்க, ஏன் வந்துச்சுன்னு கண்டுபிடிச்ச செய்தியும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நான் ஹெல்த் இன்ஸ்பெக்டரா வேலை பாத்து ரிட்டயர் ஆனவன், டெல்டா பக்கம் ஊரு. காலைல நம்ம பேப்பரை எடுத்தா மொதல்ல மாவட்டப் பக்கத்தைத்தான் பாப்பேன், அது சர்வீஸ்ல இருந்தப்போ வந்த பழக்கம், எந்த ஊர்ல வாந்தி பேதி எந்த ஊர்ல மஞ்சக்காமாலைன்னு எங்க ஆபீசுக்குத் தகவல் வர்றதுக்கு முன்னாடியே சில சமயம் உங்க நிருபர் எழுதிடுவாரு. இத நான் சும்மா பாராட்டுக்கு சொல்லல, நோய்க் கண்காணிப்புக்காக 2004ல ஆரம்பிச்ச ஐடிஎஸ்பி திட்டத்துல பத்திரிகை டிவி செய்தியெல்லாம் பாத்து எங்க என்ன நோய் கெளம்புதுன்னு கவனிக்கிறதுக்குன்னே தனியா ஒரு செல் வச்சிருக்காங்க, அதனால ஒரு நிருபர் எழுதுற நாலு வரிக்கு அப்படி ஒரு மதிப்பு இருக்கு.

ஆனா எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆதங்கம். ஒரு கிராமத்துல இத்தன பேருக்கு காய்ச்சல்னு செய்தி வரும், மறுநாள் அதிகாரிங்க நேர்ல பாத்தாங்க, மெடிக்கல் கேம்ப் போட்டாங்க, புகை மருந்து அடிச்சாங்கன்னு படத்தோட வரும், மூணாவது நாள் இன்னொரு ஊர் செய்தி வந்துடும். அந்த மொத ஊர்ல அது என்ன காய்ச்சல், எங்கேர்ந்து வந்துச்சு, யாருக்கு வந்துச்சு யாருக்கு வரல, கடைசியா எப்படி நின்னுச்சு, இத ஒரு தடவைகூட நான் படிச்சதில்ல. கண்டுபிடிக்காம இல்ல சார், கண்டுபிடிக்கறாங்க, அதுக்குன்னே படிச்ச ஆளுங்க இருக்காங்க, நிறுவனங்கள் இருக்கு, அவங்க எழுதுற ரிப்போர்ட் ஃபைல்ல போயி உக்காந்துடுது. அத வெளில கொண்டு வரணும்னு கேக்கத்தான் இந்த லெட்டர்.

இப்படி நோய் எங்கேர்ந்து எப்படிப் பரவுதுன்னு கண்டுபிடிக்கிற படிப்புக்குத்தான் எபிடமியாலஜின்னு பேரு, தமிழ்ல தொற்றுநோயியல்ம்பாங்க, அப்படின்னா என்னன்னு எங்க வீட்லயே கேப்பாங்க. டாக்டர் தன் முன்னாடி உக்காந்திருக்கிற ஒரு நோயாளியைப் பாப்பாரு, எபிடமியாலஜிஸ்ட் மொத்த ஊரையும் ஒரு நோயாளியா பாப்பாரு, அவ்வளவுதான். நோய் வந்தவங்களை மட்டும் இல்ல, வராதவங்களையும் போயி கேப்பாங்க, அங்கதான் விஷயமே இருக்கு.

நான் கண்ணால பாத்த ஒண்ணை சொல்றேன், ஊர் பேர் வேணாம். ஒரு கல்யாணம் முடிஞ்ச ரெண்டாம் நாள் ஊர்ல வயித்துப்போக்கு, சின்னப் புள்ளையிலேந்து கிழவி வரைக்கும் டிரிப் ஏத்துற நெலம. ஊரே சேந்து சமையல் மாஸ்டரைப் பிடிச்சிட்டாங்க, பழைய பனீர் போட்டான், மோர் புளிச்சுப் போச்சுன்னு ஆளாளுக்கு ஒரு காரணம், நாங்களும் மண்டபத்துல மிச்சமிருந்த சாம்பார், தண்ணி கேன் எல்லாம் சாம்பிள் எடுத்துக்கிட்டு நின்னோம். அப்போ மாவட்டத்துலேந்து ஒரு இளம் டாக்டரம்மா வந்தாங்க, சென்னையில அயப்பாக்கத்துல இருக்கிற தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்துல களப் பயிற்சி படிப்பு படிச்சவங்க. அவங்க சாம்பாரைப் பாக்கவே இல்ல, ஒரு நீள நோட்டை எடுத்து கோடு போட்டு, பேரு, வயசு, தெரு, எந்த நேரத்துல மொத தடவ போச்சு, கல்யாணத்துக்குப் போனீங்களா, வீட்ல எந்தத் தண்ணி குடிக்கிறீங்கன்னு வரிசையா எழுத ஆரம்பிச்சாங்க, நாங்க லைன் லிஸ்ட்னு சொல்லுவோம். கூடவே ஊர் வரைபடம் ஒண்ணு கையால போட்டு, நோய் வந்த வீட்டுக்கெல்லாம் செவப்புப் புள்ளி வச்சுக்கிட்டே வந்தாங்க. நோய் வராத வீட்டுக்கும் போயி அதே கேள்வி. எங்க ஆளுங்களுக்கே கொஞ்சம் சலிப்பா இருந்துச்சு, நல்லா இருக்கறவங்ககிட்ட எதுக்கு நேரத்தை வேஸ்ட் பண்றாங்கன்னு.

சாயங்காலம் அந்த மேப்பை விரிச்சு வச்சப்போ எல்லாரும் வாயடைச்சுப் போனோம். புள்ளியெல்லாம் ரெண்டு தெருவுலயே குமிஞ்சு கெடக்கு. கல்யாணத்துல ரெண்டு பந்தி சாப்பிட்ட மேலத்தெரு ஆளுங்களுக்கு ஒண்ணும் இல்ல, கல்யாணத்துக்கே போகாத கீழத்தெரு பாட்டிக்கு பேதி. பேதி மொதமொதல்ல ஆரம்பிச்ச நேரத்தைப் பாத்தா சில பேருக்கு கல்யாணத்துக்கு முந்தின நாளே ஆரம்பிச்சிருக்கு. அப்புறம் என்ன, அந்த ரெண்டு தெருவுக்கும் தண்ணி போற பைப் லைனைப் பிடிச்சுக்கிட்டே நடந்தோம், கேட் வால்வு குழியில சாக்கடைத் தண்ணி நின்னுக்கிட்டு இருக்கு, ஜாயிண்ட்ல கசிவு. மோட்டார் ஓடுறப்போ தண்ணி வெளில கசியும், மோட்டார் நின்னதும் அதே ஓட்டை வழியா சாக்கடையை உள்ள இழுக்கும். டேங்க்ல குளோரின் சரியா இருக்கு, கடைசி வீட்டுக் குழாய்ல தண்ணி புடிச்சு, குளோரின் இருந்தா மஞ்சளாக்குற ஓ.டி. மருந்தைச் சொட்டு விட்டா மஞ்சளே வரல, குளோரின் சுத்தமா ஜீரோ. அன்னைக்கு ராத்திரியே லைனை அடைச்சு, லாரித் தண்ணி குடுத்து, மறுநாள் ஜாயிண்டை மாத்துனாங்க, புது கேஸ் வர்றது நாலஞ்சு நாள்ல நின்னு போச்சு.

இதுல எனக்கு இன்னும் ஆறாத விஷயம் என்னன்னா, அந்த ரிப்போர்ட் மேல போச்சு, ஊருக்கு வரல. பேப்பர்ல வந்தது "கல்யாண விருந்து சாப்பிட்டவர்களுக்கு வாந்தி பேதி"ங்கிற மொத நாள் செய்தி மட்டும்தான். அந்த சமையல் மாஸ்டருக்கு அதுக்கப்புறம் அந்தச் சுத்து வட்டாரத்துல ஆர்டரே வரல, அவரு கடைசில திருப்பூர் பக்கம் வேலைக்குப் போயிட்டாரு. அந்த டாக்டரம்மா ரெண்டே பக்கத்துல தெளிவா எழுதுன ரிப்போர்ட் ஊராட்சி ஆபீஸ் போர்டுல ஒட்டியிருந்தாலே போதும், ஒரு மனுஷன் பொழப்பு போயிருக்காது, பக்கத்து ஊர்க்காரங்களும் அவங்கவங்க வால்வு குழியை ஒரு தடவ எட்டிப் பாத்திருப்பாங்க.

அயப்பாக்கத்துல இருக்கிற இந்த நிறுவனத்தைப் பத்தி நம்ம பேப்பர்ல எத்தன தடவ வந்திருக்கும்னு தெரியல, ஆவடி பக்கம் இருக்கறவங்களுக்கே அது என்ன பில்டிங்னு தெரியாது. மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் கீழ 1999ல ஆரம்பிச்சது, ஆவடியில தொழுநோய் ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருந்த யூனிட்டையும் சென்னையில இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் ஒண்ணா சேத்து உண்டாக்குனாங்க. 2001லேந்து களத்துல எறங்கி நோயைத் தேடுற டாக்டர்களுக்கு ரெண்டு வருஷப் படிப்பு நடத்துறாங்க, கிளாஸ்ல உக்காருறதைவிட ஊர் ஊரா அலையறதுதான் ஜாஸ்தி. இந்த மாதிரிப் படிப்புக்கெல்லாம் முன்னோடி அமெரிக்காவுல அந்த நாட்டு அரசோட நோய்த் தடுப்பு மையமான சிடிசி 1951ல அலெக்சாண்டர் லாங்முயர் தலைமையில ஆரம்பிச்ச பயிற்சிதான். இன்னைக்கு நாடு முழுக்க பல மாநிலத்துல நோய்க் கண்காணிப்பைப் பாக்குற ஆபீசர்ங்க அயப்பாக்கத்துல படிச்சிட்டுப் போனவங்க.

கொரோனா நேரத்துல எல்லாரும் தினம் தினம் இன்னைக்கு எத்தன பாசிட்டிவ்னு டிவி முன்னாடி உக்காந்திருந்தோம், அது டெஸ்ட் பண்ணவங்கள்ல எத்தன பேருங்கிற கணக்கு மட்டும்தான், உண்மையில ஊருக்குள்ள எவ்வளவு பரவியிருக்குன்னு அதுல தெரியாது. அதை அளந்து சொன்னது அயப்பாக்கத்துக்காரங்க நடத்துன செரோ சர்வேதான், அதாவது ரத்தத்துல எதிர்ப்புப் பொருள் இருக்கான்னு பாத்து யாருக்கெல்லாம் ஏற்கனவே தொத்து வந்து போயிருக்குன்னு எடுக்குற கணக்கு. 2020 மே ஜூன்ல 21 மாநிலத்துல 70 மாவட்டம், ஒரு மாவட்டத்துக்கு 10 எடம், ஒரு எடத்துக்கு 40 பேர்னு 28,000 பேர்கிட்ட ரத்தம் எடுத்தாங்க, நம்ம மாநிலத்துல சென்னை, கோயம்புத்தூர், திருவண்ணாமலை மூணு மாவட்டம். மொத ரவுண்ட்ல பெரியவங்கள்ல 0.73 சதவீதம் பேருக்குத்தான் தொத்து பட்டிருந்துச்சு, அப்போ நூத்துல மீதி 99 பேருக்கு இன்னும் வர வேண்டியிருக்குன்னு அர்த்தம், அலட்சியமா இருக்காதீங்கன்னு அந்த ஒரு நம்பர்ல சொல்லிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு 2021 ஜூன் ஜூலையில நாலாவது ரவுண்ட்ல, ஆறு வயசுக்கு மேல உள்ள புள்ளைங்களையும் சேத்து, அது 67.6 சதவீதம். ரெண்டாவது அலை எப்படி வீடு வீடா புகுந்துச்சுன்னு இதைவிட தெளிவா எந்த கணக்கும் காட்டல. லாக்டவுன்ல பஸ் இல்ல, ஓட்டல் இல்ல, வெளியூர் வண்டின்னா ஊருக்குள்ள விடமாட்டாங்க, அந்த நெலமையில தெரு தெருவா போயி ரத்தம் எடுத்த லேப் டெக்னீஷியன்கள் பேரு எங்கயும் வரல, அவங்களுக்கு நான் இந்த லெட்டர் மூலமா ஒரு கும்பிடு போட்டுக்கிறேன்.

அதுக்கு முன்னாடியே கோரக்பூர் விஷயம் இருக்கு. உத்தரப்பிரதேசத்துல வருஷா வருஷம் மழைக்காலம் வந்தா புள்ளைங்க மூளைக்காய்ச்சல்ல சாவும், 2005ல மட்டும் ஆயிரத்துக்கும் மேல செத்துச்சு. ஜப்பான் மூளைக்காய்ச்சல்னு சொல்லி அதுக்கு தடுப்பூசி போட்டாங்க, அந்த நோய் கொறஞ்சுச்சு, ஆனா புள்ளைங்க ஆஸ்பத்திரிக்கு வர்றது நிக்கல. அயப்பாக்கத்து ஆளுங்களும் மத்த நிறுவனங்களும் சேந்து தேடுனப்போ, அதுல பெரும்பாலான கேஸ் ஸ்கரப் டைஃபஸ்னு தெரிஞ்சுது, புதர்லயும் புல்லுலயும் இருக்கிற கண்ணுக்கே தெரியாத பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் மாதிரி கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இருக்கிற சாதாரண மாத்திரைக்கு அது கேக்கும், ஆரம்பத்துலயே குடுத்துட்டா மூளைக்குப் போகாது. இத்தன வருஷம் கையில மாத்திரை இருந்தும் எதுக்குக் குடுக்கணும்னு தெரியாம புள்ளைங்களை பறிகொடுத்திருக்கோம்னு நெனச்சா நெஞ்சு பதறுது. இதே காய்ச்சல் நம்ம தமிழ்நாட்டுலயும் இருக்கு, உடம்புல எங்கயாவது மறைவான எடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கருப்புப் புண் இருந்தா அதுவா இருக்கலாம், காய்ச்சல்காரங்க வீட்ல தயவு செஞ்சு அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு எல்லாம் பாருங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க.

பீகார்ல முசாஃபர்பூர் கதையும் இப்படித்தான். லிச்சிப் பழம் பழுக்குற சீசன்ல ராத்திரி நல்லா தூங்கப் போன புள்ளைங்க விடியக்காலம் வலிப்பு வந்து கெடக்கும். 2014ல மட்டும் ரெண்டு ஆஸ்பத்திரியில 390 புள்ளைங்க சேந்து 122 செத்துப் போச்சு. வைரஸ்னாங்க, பூச்சி மருந்துன்னாங்க, வெயில்னாங்க. டெல்லியில இருக்கிற தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமான என்சிடிசியும் அமெரிக்க சிடிசியும் சேந்து, நோய் வந்த புள்ளைக்கு ஒரு நோய் வராத புள்ளைன்னு ஜோடி ஜோடியா வச்சு விசாரிச்சாங்க. லிச்சியில இருக்கிற ஒருவகை நஞ்சு, அதோட முந்தின நாள் ராத்திரி சாப்பாடு சாப்பிடாத வயிறு, ரெண்டும் சேந்தா ரத்தத்துல சர்க்கரை சடார்னு எறங்கிடுதுன்னு 2017ல ரிப்போர்ட் வெளியாச்சு. நம்ம வேலூர் சிஎம்சியில இருந்து ரிட்டயர் ஆன டாக்டர் ஜேக்கப் ஜானும் அவரோட சேந்தவங்களும் இதே சர்க்கரை இறங்குற கோணத்தை அதுக்கு முன்னாடியே எழுதியிருந்தாங்க. மருந்து என்னன்னு பாத்தா, புள்ளையை ராத்திரி வெறும் வயித்தோட படுக்க வைக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கு வந்த உடனே சர்க்கரை பாத்து குளுக்கோஸ் ஏத்துங்க. இவ்வளவுதான். இது தெரிஞ்ச பொறவும் 2019ல அங்க 150க்கும் மேல புள்ளைங்க செத்தது ஏன்னா, ராத்திரி சாப்பாடு இல்லாத வீட்டுக்கு சாப்பாடும் போய்ச் சேரல, அந்தச் செய்தியும் போய்ச் சேரல. டெல்லியில ரிப்போர்ட் வெளியானா மட்டும் போதாது, புள்ளையோட அம்மா காதுக்கு அவங்க பேசுற பேச்சுல போகணும், அந்த வேலையை உங்கள மாதிரி பத்திரிகைதான் செய்ய முடியும்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்ல. மத்த பல மாநிலத்துல ஆஸ்பத்திரி நிர்வாகமும் பொது சுகாதாரமும் ஒண்ணா கலந்து கெடக்கறப்போ, நமக்கு மெட்ராஸ் மாகாண காலத்துலேந்து பொது சுகாதாரத்துக்குன்னு தனி டைரக்டரேட் இருக்கு, 1939லயே பொது சுகாதாரச் சட்டம் வந்துடுச்சு, நாட்டுலயே மொதல்ல. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல நாங்க முகாம் முகாமா பிளீச்சிங் பவுடர் பாக்கெட்டும், தண்ணியில குளோரின் பாக்குற குளோரோஸ்கோப்பும் தூக்கிக்கிட்டு அலைஞ்சோம், ஒவ்வொரு முகாம்லயும் இன்னைக்கு பேதி எத்தன, காய்ச்சல் எத்தன, அம்மை எத்தனன்னு ராத்திரிக்குள்ள எழுதிக் குடுத்தாகணும். அவ்வளவு பெரிய அழிவுக்குப் பின்னாடி காலரா மாதிரி எதுவும் வெடிக்கல. கடலூர் பக்கம் தட்டம்மை வந்துச்சு, அதை அயப்பாக்கத்துல படிச்சவங்க போயி விசாரிச்சப்போ கடல் தண்ணி வந்த ஊர், வராத ஊர் ரெண்டுலயும் நோய் இருந்துச்சு, ஊசி போட்டவங்க நெறைய இருந்தும் ஒரு டோஸ் பத்தலங்கிறது அதுல தெரிஞ்சுது. 2010லேந்து நாட்டுல ரெண்டாவது டோஸ் குடுக்க ஆரம்பிச்சதுக்குப் பின்னாடி இந்த மாதிரி எத்தனையோ ஊர்க் கணக்கு இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது டிபி விஷயம்தான், இதைக் கொஞ்சம் நீளமா சொல்றேன். டிபிக்கு மாத்திரை ஃப்ரீ, டெஸ்ட் ஃப்ரீ, இருந்தும் ஏன் சாகுறாங்கன்னு அயப்பாக்கத்துக்காரங்க சாவுக் கணக்கை நோண்டிப் பாத்தாங்க. பாத்தா, நெறைய சாவு நோய் கண்டுபிடிச்ச மொத ரெண்டு மாசத்துலயே நடந்திருக்கு. அதாவது மாத்திரை வேலை செய்யறதுக்கு முன்னாடியே உடம்பு தாங்காம போயிடுறாங்க, ரொம்ப மெலிஞ்சு மூச்சு வாங்குற நெலமையில வர்ற ஆளுக்கும் நல்லா நடந்து வர்ற ஆளுக்கும் ஒரே மாதிரி மாத்திரையைக் குடுத்து வீட்டுக்கு அனுப்புறோம். அதுக்காக 2022 ஏப்ரல்ல சென்னையைத் தவிர மத்த 30 டிபி மாவட்டத்துல காசநோய் இறப்பில்லா திட்டம்னு ஆரம்பிச்சாங்க, மாநில டிபி பிரிவும் அயப்பாக்கம் நிறுவனமும் சேந்து. டிபின்னு தெரிஞ்ச அன்னைக்கே அஞ்சு விஷயம் பாக்கணும், எக்ஸ்ரே கூட வேணாம்: உயரத்துக்கு எடை ரொம்பக் கம்மியா, காலு வீங்கியிருக்கா, நிமிஷத்துக்கு எத்தன மூச்சு, வெரல்ல கிளிப் மாட்டுனா ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாம எழுந்து நிக்க முடியுதா.

நான் இப்ப மாசா மாசம் எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், அதான் பிஎச்சிக்கு பிபி மாத்திரை வாங்கப் போறேன், அங்க ஒரு நாள் இதைப் பாத்தேன். பெஞ்சுல ஒருத்தர் உக்காந்திருக்காரு, கொத்தனார் வேலை பாத்தவராம், சட்டை ஆணியில மாட்டுன மாதிரி தொங்குது. டிபி சூப்பர்வைசர் தம்பி வந்து அண்ணே எதையும் பிடிக்காம எந்திரிங்கன்னாரு. அவரு ரெண்டு கையையும் பெஞ்சுல ஊணித்தான் எந்திரிச்சாரு, கை நடுங்குது. தம்பி மறுபடி சொன்னாரு, கை ஊணாம. முடியல. ஆக்சிஜன் 92 காட்டுச்சு. ஒரு கார்டுல டிக் பண்ணாரு, அவ்வளவுதான், அரை மணி நேரத்துல ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி பெட் கேட்டு வண்டியில ஏத்திட்டாங்க. முந்தியா இருந்தா மாத்திரைப் பட்டையைக் கையில குடுத்து பதினஞ்சு நாள் கழிச்சு வாங்கன்னு சொல்லியிருப்போம். அவரு மூணு மாசம் கழிச்சு அதே பிஎச்சிக்கு சைக்கிள்ல வந்ததையும் பாத்தேன். எந்தப் புது மருந்தும் இல்ல சார், யாரு மொதல்ல சாகப் போறாங்கன்னு கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சு அவங்களுக்கு மொதல்ல பெட் குடுக்குறாங்க, அதுல உசுரு பொழைக்குது. இந்தியாவுலயே ஒரு மாநிலம் முழுக்க இப்படிப் பண்ணது நாமதான் மொதல்ல.

பிபி மாத்திரையும் அப்படி வந்ததுதான். 2020ல அயப்பாக்கத்துக்காரங்க தமிழ்நாட்டுல எடுத்த சர்வேயில, பிபி இருக்கறவங்கள்ல நூத்துக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் பிபி கன்ட்ரோல்ல இருக்குன்னு வந்துச்சு. 2021 ஆகஸ்ட்ல மக்களைத் தேடி மருத்துவம் வந்து வீட்டுக்கே மாத்திரை போனதுக்கு முன்னாடி கையில இருந்த கணக்கு அது.

இப்ப என் கேள்விக்கு வர்றேன். இவ்வளவு செய்யற ஆளுங்க மாவட்ட அளவுல எப்படி இருக்காங்க தெரியுமா? மாவட்ட எபிடமியாலஜிஸ்ட்ங்கிற போஸ்ட் தேசிய சுகாதார இயக்கத்துல கான்ட்ராக்ட் போஸ்ட். வருஷத்துக்கு வருஷம் நீட்டிப்பு, அந்த மாவட்டத்துல எந்தத் தெருவுல எப்ப என்ன வரும்னு மனசுல பதிஞ்சு கையில புடிபடற நேரத்துல வேற நல்ல வேலை கெடைச்சுப் போயிடுவாங்க, போனவங்களைக் கொறை சொல்லவும் முடியாது, அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. அந்த எடம் காலியா கெடக்குற மாசத்துல நோய் வராம காத்துக்கிட்டு இருக்காது. அமெரிக்காவுல 2025ல சிடிசியில ஆளுங்களை வெளில அனுப்புனாங்க, அதுல குழந்தைங்க உடம்புல ஈயம் ஏறுறதைக் கண்டுபிடிக்கிற டீமும் போச்சு. அதே நேரத்துல மில்வாக்கி ஊர்ப் பள்ளிக்கூடங்கள்ல பழைய பெயிண்ட்லேந்து ஈயம்னு பிரச்சினை, உதவிக்கு ஆள் அனுப்புங்கன்னு நகராட்சி கேட்டா, அனுப்ப ஆள் இல்லன்னு பதில் வருது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதின்னா, ஒரு மாவட்டத்துக்கு ஒரே ஒரு ஆளை வச்சு அதையும் கான்ட்ராக்ட்ல வச்சிருக்கிற நம்ம நெலம என்னன்னு யோசிங்க. இதை நிரந்தரப் பணியிடமாக்கணும்னு நம்ம பேப்பர் ஒரு தலையங்கம் எழுதணும்னு கேட்டுக்கிறேன்.

அடுத்தது, தகவலை வெளில விடறது. இலங்கையில சுகாதார அமைச்சுக்குக் கீழ தொற்றுநோயியல் பிரிவுன்னு ஒண்ணு 1959லேந்து இருக்கு. வாராவாரம் ஒரு அறிக்கை போடுறாங்க, நெட்ல யார் வேணா எடுத்துப் பாக்கலாம், கொழும்பு கண்டியோட யாழ்ப்பாணம், கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு, கல்முனைன்னு ஒவ்வொரு பகுதிக்கும் அந்த வாரம் டெங்கு எத்தன, எலிக்காய்ச்சல் எத்தன, டைபாய்டு எத்தன, நாய்க்கடி வெறிநோய் எத்தனன்னு ஒரே அட்டவணையில இருக்கும். 2024 டிசம்பர்ல யாழ்ப்பாணத்துல மழை வெள்ளத்துக்குப் பின்னாடி காய்ச்சல் வந்து சில பேர் அடுத்தடுத்து இறந்தப்போ அந்தப் பிரிவுலேந்து டீம் போயி, எலிக்காய்ச்சல்னு உறுதியாகி, வயல்ல எறங்குறவங்களுக்கு முன்கூட்டியே மாத்திரை குடுத்தாங்க, இதெல்லாம் அங்கத்த தமிழ்ப் பேப்பர்ல நாளுக்கு நாள் வந்துச்சு, நான் நெட்ல படிச்சேன். இங்க உக்காந்துக்கிட்டு கிளிநொச்சியில போன வாரம் எத்தன பேருக்கு எலிக்காய்ச்சல்னு என்னால சொல்ல முடியுது, என் சொந்தத் தாலுகாவுல எத்தனன்னு சொல்ல முடியல. நம்ம ஐடிஎஸ்பியும் வாரப் பட்டியல் போடுறதுண்டு, ஆனா இங்கிலீஷ்ல, லேட்டா, அதுவும் எங்க போயி தேடணும்னு தெரிஞ்சவங்களுக்கு மட்டும்தான்.

நம்பரை வெளில சொன்னா ஜனங்க பீதியாயிடுவாங்கன்னு அதிகாரிங்க சொல்லுவாங்க, நானும் சர்வீஸ்ல எத்தனையோ மீட்டிங்ல இதைக் கேட்டிருக்கேன். என் அனுபவத்துல ஜனங்க பீதியாகுறது நம்பர் தெரிஞ்சு இல்ல, நம்பர் தெரியாம. டெங்குல எங்க தெருவுல மூணு பேர்னு உறுதியா தெரிஞ்சா வீட்டுக்கு வீடு தொட்டியைக் கவுத்துக் கழுவுவாங்க, தெரியலன்னா வாட்ஸ்அப்ல முப்பது பேர் செத்துட்டாங்கன்னு சுத்தும், பப்பாளி இலைக்குக் கடையில கியூ நிக்கும். அயப்பாக்கம் நிறுவனம் 2017-18ல நாடு முழுக்க எடுத்த சர்வேயில, பாத்தவங்கள்ல பாதிப் பேர் அளவுக்கு ஏற்கனவே டெங்கு வந்து போயிருக்கு, தென் மாநிலங்கள்ல அது முக்கால்வாசிக்கும் மேல. அதுல பல பேருக்கு டெங்குன்னு தெரியாமயே வந்து போயிருக்கு. இது தெரிஞ்ச ஜனங்களுக்கு பயம் கொறையும், ரெண்டாவது தடவ வந்தா சில பேருக்கு ஜாஸ்தியாகலாம்ங்கிற கவனமும் வரும்.

அதனால உங்க நிருபர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு ஊர்ல நோய்னு எழுதறப்போ இத்தன பேருக்கு வந்துச்சுன்னு மட்டும் போடாம, அந்த ஊர்ல மொத்தம் எத்தன பேர்னும் போடுங்க, 40 பேருங்கிறது 400 பேர் இருக்கிற ஊர்ல வேற, 8,000 பேர் இருக்கிற ஊர்ல வேற. விசாரணைக்கு யார் போனாங்கன்னு கேளுங்க, லைன் லிஸ்ட் எடுத்தாங்களா, எந்த லேபுக்கு சாம்பிள் போச்சுன்னு கேளுங்க. மூணு வாரம் கழிச்சு அதே ஆபீசுக்கு இன்னொரு தடவ போன் போட்டு ரிசல்ட் என்னாச்சுன்னு கேட்டு, சின்னதா ஒரு பெட்டிச் செய்தியாவது போடுங்க, மொத நாள் தப்பா யார் பேராவது அடிபட்டிருந்தா அதையும் சேத்துப் போடுங்க. நோயாளி பேரு, வீட்டு விலாசம் மட்டும் போடாதீங்க, குறிப்பா டிபிக்காரங்க, அவங்க புள்ளைங்க கல்யாணம் நின்னு போகுது.

வாராவாரம் தங்கம் விலை, அணை நீர்மட்டம் போடுற எடத்துக்குப் பக்கத்துல மாவட்ட நோய் நிலவரம்னு ஒரு சின்ன அட்டவணை போட எடம் குடுத்தீங்கன்னா போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, அக்டோபர் மொத வாரத்துலேந்து ஆரம்பிச்சா ரொம்ப நல்லது, டெங்கும் எலிக்காய்ச்சலும் ஸ்கரப் டைஃபசும் சேந்து வர்ற சீசன் அது. பொது சுகாதாரத் துறையில கேட்டா தர மாட்டாங்கன்னு நெனைக்காதீங்க, பத்திரிகை எழுத்து மூலமா கேட்டு, தரலன்னா தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டா குடுத்துதான் ஆகணும். வர்ற அட்டவணையைப் படிச்சு இது கூடுதலா, வழக்கமா இந்த வாரத்துல வர்ற அளவுதானான்னு சொல்றதுக்கு ஆள் வேணும்னா, என்னோட ரிட்டயர் ஆன இன்ஸ்பெக்டர்கள் எல்லா மாவட்டத்துலயும் இருக்கோம், சம்பளம் எதுவும் வேணாம், கூப்பிட்டா வர்றோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்,
திருவாரூர் மாவட்டம்.